ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் குளிக்க, பல் தேய்க்க, கழுவக் கற்றுக்கொடுப்பது: சென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பேச்சுப் பயிற்சிக்கும் பள்ளிக்கும் அலைந்துகொண்டே, தினமும் காலையில் குளியலறை வாசலில் பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகனுக்கு இப்போது 15 வயது. பல் தேய்ப்பதில் ஆரம்பித்து மீசை மழிப்பது வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைந்துதான் வழி தெரிந்தது. பாடம் எழுத வைப்பது எப்படி என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் உண்டு. கழுவிவிடுவதை எப்போது, எப்படி நிறுத்துவது என்று கேட்டால் பலரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு அளவுகோல்தான். 25 வயதில் அவன் இதை எப்படிச் செய்ய வேண்டுமோ, அப்படியே 5 வயதில் சொல்லிக்கொடுங்கள். இந்தப் பிள்ளைகள் பலரும் ஒருமுறை பழகிய முறையை லேசில் விடமாட்டார்கள். குளித்துவிட்டு ஈரத்தோடு ஹாலுக்கு ஓடிவருவது 5 வயதில் சிரிப்பாக இருக்கும். அதே பழக்கத்தை 14 வயதில் மாற்றுவதற்குள் வீடே நொந்துவிடும்.

1. பயிற்சிக்கு முன் டாக்டரைப் பாருங்கள்

பிரஷ்ஷைப் பார்த்ததும் அலறுகிற பிள்ளைக்குக் கடைவாயில் சொத்தை இருக்கலாம். டாய்லெட்டில் உட்கார மறுக்கிற பிள்ளைக்கு மலச்சிக்கல் இருக்கலாம். வலி இருப்பதைச் சொல்லத் தெரியாததால் நாம் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணம். இதில் ஒரு ஏமாற்று உண்டு: குடலில் மலம் இறுகிக் கிடக்கும்போது அதைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும். பார்ப்பவர்கள் வயிற்றுப்போக்கு என்றோ சோம்பேறித்தனம் என்றோ நினைப்பார்கள். குழந்தை மருத்துவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். அது சரியாகாமல் டாய்லெட் பயிற்சியைத் தொடங்கினால் பிள்ளைக்கு அந்த அறையே வலியின் இடமாகப் பதிந்துவிடும்.

அரசு மருத்துவமனை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. பல்லுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி. இரண்டிலுமே புறநோயாளிப் பிரிவு காலையில்தான், கூட்டமும் அப்போதுதான். பெரியவர்கள் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் பிள்ளையோடு வெளியே மரத்தடியில் இருக்கட்டும். முதல் தடவை சிகிச்சை எதுவும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினால் போதும் என்று பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

2. காகித வேலையைக் கையோடு முடியுங்கள்

குளிக்கச் சொல்லிக்கொடுக்க எதற்குச் சான்றிதழ் என்று தோன்றும். விஷயம் பணம்தான். பல் தேய்ப்பது, கழுவுவது, உடுத்துவது எல்லாம் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நாம் ஓ.டி. என்று சொல்வதற்குள் வருகிறது. சென்னையில் தனியார் ஓ.டி. முக்கால் மணி நேரத்துக்குச் சுமார் 500 முதல் 1000 ரூபாய் வரை கேட்கிறார்கள். பெரிய மையங்களில் அதற்கும் மேல். வாரம் இரண்டு முறை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி. ஆட்டிசம் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் கிடையாது. பிள்ளையின் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, இதுவரை பார்த்த டாக்டர்களின் சீட்டுகள் தேவைப்படும். அதற்குப் பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்விகள் கொண்ட அளவீட்டைப் பயன்படுத்துவது வழக்கம். சலுகைகள் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மதிப்பீட்டின்போது "எல்லாம் நல்லாச் செய்வான் டாக்டர்" என்று பெருமை பேசாதீர்கள். குளிக்க, கழுவ, உடுத்த என்ன உதவி வேண்டியிருக்கிறதோ அதை உள்ளபடி சொல்லுங்கள். சிறு வயதில் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழாக இருக்கும். காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள், நினைவுபடுத்த யாரும் வரமாட்டார்கள்.

அடுத்து நிராமயா காப்பீடு. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டி எந்தப் பரிசோதனையும் இல்லை. சேர்க்கைக் கட்டணம் 500 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் 250. தெரபிச் செலவுக்கும் பல் சிகிச்சைக்கும் இதில் ஒரு வரம்புவரை பணம் திரும்பக் கிடைக்கும். காப்பீட்டு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜனவரியில் சேர்ந்தால் மார்ச்சோடு தீர்ந்துவிடும், ஆகவே ஏப்ரலிலேயே சேருங்கள். தெரபி மையத்தில் துண்டுச் சீட்டு வாங்காதீர்கள். பிள்ளையின் பெயர், தேதி, பதிவு எண், கையெழுத்து உள்ள அசல் பில்லும், தெரபி தேவை என்று டாக்டர் எழுதிய சீட்டும் இல்லாவிட்டால் கோரிக்கை நிற்காது.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையில் இருந்தால் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. ஆட்டிசத்துக்கு 10-ஐஏ என்ற படிவத்தில் மருத்துவர் சான்று வேண்டும்.

குறைந்த செலவில் நல்ல ஓ.டி. வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்தைப் பாருங்கள். தூரம்தான் சிக்கல். வட சென்னையிலிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும். வாரா வாரம் முடியாவிட்டாலும், ஒருமுறை மதிப்பீடு செய்து வீட்டில் செய்ய வேண்டியதை எழுதி வாங்கி வந்தால்கூட லாபம்தான். கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கிறது. அங்கும் பெற்றோருக்கு வழி சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாக முன்பணம் கட்டினால்தான் டாய்லெட் பயிற்சி என்று ஒரு தெரபி மையத்தில் எங்களிடம் கேட்டார்கள். அங்கே இருந்தது வெஸ்டர்ன் டாய்லெட், எங்கள் வாடகை வீட்டில் அப்போது இண்டியன். அங்கே கற்றது இங்கே உதவாது என்பதைப் பற்றி அவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. சுத்தப் பழக்கம் எதுவானாலும் பயிற்சி நடக்க வேண்டிய இடம் உங்கள் வீட்டுக் குளியலறை. தெரபிஸ்ட் உங்களுக்குச் சொல்லித்தரட்டும், நீங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தாருங்கள். குடலைச் சுத்தம் செய்தால் ஆட்டிசமே போய்விடும் என்று பாட்டிலை நீட்டுகிறவர்கள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள்.

3. ஒன்றே ஒன்றை எடுங்கள்

பல், குளியல், டாய்லெட், நகம் என்று நான்கையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் நான்கும் போய்விடும். எதை முதலில் எடுப்பது? பிள்ளை ஓரளவு பொறுத்துக்கொள்கிற ஒன்றை. தண்ணீர் பிடிக்கும் என்றால் கை கழுவுவதிலோ குளியலிலோ ஆரம்பியுங்கள். வீட்டுக்கு அதிகத் தொல்லை தருவதை முதலில் எடுக்கத்தான் கை பரபரக்கும். அது பிள்ளைக்கும் ஆகக் கடினமானதாகத்தான் இருக்கும்.

தொடங்கும் முன் இரண்டு வாரம் சும்மா கவனித்து எழுதுங்கள். எப்போது மலம் போகிறான், எந்தக் கட்டத்தில் கத்துகிறான், எந்தப் படியைத் தானாகவே செய்கிறான். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். பின்னால் தெரபிஸ்ட்டிடமும் பள்ளியிலும் காட்ட இதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

புதிதாகத் தொடங்க நல்ல காலம் கோடை விடுமுறை. காலை ஏழரைக்கு வேன் வரும் நாட்களில் எந்தப் பிள்ளைக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. பள்ளி நாட்களில் என்றால் மாலைக் குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலுக்கு அது எப்படியும் தேவைதான். மே மாதம் மதியத்தில் மட்டும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்க்காமல் திறந்துவிடாதீர்கள், கொதிக்கும். ஒருமுறை சுட்டுவிட்டால் மாதக்கணக்கில் குழாய்ப் பக்கமே வரமாட்டான்.

4. வேலையைத் துண்டு துண்டாக உடையுங்கள்

"போய்க் குளி" என்பது நமக்கு ஒரு வேலை. எழுதிப் பார்த்தால் குறைந்தது 15 வேலை. எங்கள் வீட்டுப் பட்டியல் இப்படி இருந்தது: துண்டையும் மாற்றுத்துணியையும் எடு. உள்ளே போய்க் கதவைச் சாத்து. துணியைக் கழற்றிக் கூடையில் போடு. பக்கெட்டில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடி. தலையில் மூன்று மக். உடம்பில் மூன்று மக். சோப்பை எடு. கழுத்து, அக்குள், நெஞ்சு, வயிறு, தொடை இடுக்கு, பின்புறம், கால் என்று வரிசையாகத் தேய். சோப்பை வை. பத்து மக் ஊற்று. குழாயை மூடு. துடை. உடுத்து. துண்டைக் காயப்போடு. அப்புறம்தான் கதவைத் திற.

மக் எண்ணிக்கை முக்கியம். "சுத்தமாகும்வரை ஊற்று" என்றால் முடிவு எங்கே என்று அவனுக்குத் தெரியாது. ஒன்றிரண்டு மக்கோடு வெளியே வருவான், இல்லையென்றால் தொட்டி காலியாகும் வரை ஊற்றுவான். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இரண்டாவது வகை எவ்வளவு செலவு என்று உங்களுக்கே தெரியும். பக்கெட்டில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள். ஷவரை விட பக்கெட் நல்லது என்பது என் அபிப்பிராயம். அளவு கண்ணுக்குத் தெரிகிறது, எந்த ஊருக்குப் போனாலும் பக்கெட் கிடைக்கிறது, ஷவர் ஊசி குத்துவதுபோல இருக்கிறது என்று பேசத் தெரிந்த பிள்ளைகளே சொல்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் சோப்பு நுரைக்காது. நுரை வந்தால்தான் சோப்புப் போட்டதாகக் கணக்கு என்று பழகிய பிள்ளை தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்த வீடுகளில் நுரையை அடையாளமாக வைக்காமல், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முறை தேய் என்று எண்ணிக்கையையே வையுங்கள்.

தாழ்ப்பாள் விஷயத்தையும் இப்போதே கவனியுங்கள். உள்ளிருந்து பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் பயத்தில் பலர் தாழ்ப்பாளையே கழற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கதவைச் சாத்தும் பழக்கமே வராது. வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதை மாட்டுங்கள். ஹீட்டர் சுவிட்சும் வெந்நீர் கலப்பதும் கடைசியில் கற்றுக்கொடுக்க வேண்டியவை. அதுவரை கலந்த தண்ணீரைப் பக்கெட்டில் நீங்களே வைத்துவிடுங்கள்.

5. கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள்

15 படியில் 14-ஐ நீங்கள் செய்துவிடுங்கள். கடைசிப் படியை மட்டும் அவன் செய்யட்டும். எங்கள் பட்டியலில் கதவைத் திறப்பதுதான் கடைசி, அதுமட்டும். செய்ததும் அந்த நிமிடமே பிடித்தது கிடைக்க வேண்டும்: அஞ்சு நிமிடம் போன், ஒரு முறுக்கு, லிஃப்டில் ஒரு தடவை மேலே கீழே, எதுவானாலும். அது தானாக வந்தபிறகு கடைசி இரண்டு படி, அப்புறம் மூன்று. ஒவ்வொரு நாளும் பிள்ளை வேலையைத் தன் கையால் முடித்துவிட்டு வெளியே வருகிறது என்பதுதான் இதில் இருக்கும் ஆதாயம். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் களைத்துக் கத்தலோடு முடியும்.

உதவும்போது பின்னால் நில்லுங்கள். உங்கள் கை அவன் கையின்மேல் இருக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும். இது எல்லோருக்கும் சிரமமாக இருக்கும், பாட்டிகளுக்கு ரொம்ப. "சோப்பு எடு, சோப்பு எடு கண்ணா, அங்க இருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், சொன்னால்தான் அடுத்தது என்று பழகிவிடுவான். கையால் தரும் உதவியைக் குறைப்பது சுலபம்: கை மேல் கை, பிறகு முழங்கையில் தொடுதல், பிறகு சுட்டிக்காட்டுதல், பிறகு பத்து விநாடி காத்திருத்தல். வாயால் தரும் உதவியைக் குறைப்பது மகா கஷ்டம். பிள்ளைக்கு 20 வயது ஆனபிறகும் கதவுக்கு வெளியே நின்று "இப்ப தலை" என்று கத்திக்கொண்டிருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும்.

வாய்க்குப் பதிலாகப் படம். உங்கள் வீட்டுப் பக்கெட், உங்கள் மக், உங்கள் சோப்பைப் போனில் படமெடுத்து பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து, கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஒரு தாளுக்கு ஜெராக்ஸ் கடையில் 50 ரூபாய்க்குள் முடியும். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் படங்களில் வெளிநாட்டு பாத்டப் இருக்கும், நம் பிள்ளைக்கு அது என்னவென்றே தெரியாது. உடம்பு கழுவும் படிகளுக்கு மட்டும் கோட்டுப் படம் வரைந்துகொள்ளுங்கள். பிள்ளையை உடையில்லாமல் எந்தக் காரணத்துக்காகவும் போட்டோ எடுக்கக் கூடாது. பேச்சு வராத பிள்ளை என்றால் படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் அவாஸ் செயலி இருக்கிறது. சென்னையில் உருவானது, அதில் தமிழ் உண்டு. "சூடு", "வலிக்குது", "போதும்" மூன்றையும் முதல் பக்கத்தில் வையுங்கள்.

டாய்லெட்டுக்கு வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அம்மா ஒன்று, தாத்தா ஒன்று, ஆசிரியை ஒன்று சொன்னால் பிள்ளை மூன்றையும் விட்டுவிடும்.

6. பல், முடி, நகம்

புதினா பேஸ்ட் நிறையப் பிள்ளைகளுக்கு எரிகிறது. முதல் வாரம் பேஸ்ட்டே வேண்டாம், ஈர பிரஷ் மட்டும். உதட்டில் தொட்டுவிட்டு எடுங்கள். மறுநாள் முன்பல்லில் ஐந்து எண்ணும்வரை. பிறகு பத்து. கடைவாய்க்கு வரச் சில வாரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பேஸ்ட்டை மறுபடி கொண்டுவரும்போது ஃபுளோரைடு உள்ள, காரமில்லாத குழந்தைப் பேஸ்ட். 3 வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. துப்பத் தெரியாது என்றால் கண்ணாடி முன் வெறும் தண்ணீரை வைத்துத் துப்பிப் பழகுங்கள், பெரும்பாலும் பிள்ளைகளுக்கு இது பிடித்துவிடும். முழு நேரம் 2 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. காலையில் அவசரம் என்றால் இரவுத் துலக்கலைத்தான் பயிற்சி நேரமாக வைக்க வேண்டும்.

முடிவெட்ட ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போகாதீர்கள். கூட்டம், டிவி சத்தம், காத்திருப்பு மூன்றும் சேர்ந்துவிடும். செவ்வாய் பல கடைகள் விடுமுறை. புதன், வியாழன் காலை பத்தரை மணிக்குக் கடை காலியாக இருக்கும். ஒரே கடை, ஒரே ஆள். கத்திரியா மெஷினா என்று முன்பே பேசிவிடுங்கள். மெஷின் சத்தத்தை வீட்டில் வீடியோவில் கேட்கவைத்து, பிறகு அணைத்த மெஷினைக் கையில் கொடுத்து, பிறகு தூரத்தில் ஓடவிட்டுப் பழக்கலாம். தூங்கும்போது திருட்டுத்தனமாக வெட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு தடவை விழித்துக்கொண்டால் தூக்கமும் போச்சு, முடியும் போச்சு.

நகத்தைக் குளித்த உடனே வெட்டுங்கள், ஊறி மெதுவாக இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு விரல் என்றாலும் வாரத்துக்குள் கை முடிந்துவிடும். விளக்கு வைத்தபிறகு நகம் வெட்டக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். வாதாட வேண்டாம், பகலில் வெட்டுங்கள்.

7. டாய்லெட்

சாப்பிட்டபின் 15 முதல் 30 நிமிடத்துக்குள் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் உட்கார வையுங்கள். அஞ்சு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வெஸ்டர்ன் என்றால் கால் தொங்கக் கூடாது, கீழே ஒரு முக்காலி. ஆண் பிள்ளைக்கு முதலில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கப் பழக்குவது சுலபம். நின்று போகும்போது பேண்ட்டை முழங்கால்வரை இறக்காமல் முன்பக்கம் மட்டும் விலக்குவதை ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுங்கள். பொதுக் கழிவறையில் பின்புறம் தெரிய நிற்கும் 12 வயதுப் பையனைக் கேலி செய்யவும் ஆள் உண்டு, தொந்தரவு செய்யவும் ஆள் உண்டு.

கழுவுவதைச் சொல்லித்தருவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலை. நாங்கள் கண்ட வழி இது. வலது கையில் மக் அல்லது ஸ்பிரே பைப், இடது கை பின்னால். இடது கை மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிட்டால் கை மாறாது. முதலில் துணியோடு உட்காரவைத்துக் கை எட்டுகிறதா என்று பாருங்கள். உடல் பருமனான பிள்ளைக்கும் தோள் இறுக்கமுள்ள பிள்ளைக்கும் எட்டாது, அதற்கு ஓ.டி.யிடம் தனிப் பயிற்சி கேளுங்கள். சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? வழுக்குவது நிற்கும்வரை கழுவு என்று சொன்னால் சில பிள்ளைகளுக்குப் புரியும். புரியாத பிள்ளைகளுக்கு எண்ணிக்கை: ஆறு தடவை தண்ணீர், ஆறு தடவை தேய்ப்பு. அழுத்தம் போதாமல் இருக்கிறதா என்று பார்க்கக் கடைசியில் ஒரு ஈரத் துடைப்பானால் துடைத்துப் பார்க்கச் சொல்லலாம். அதன்பின் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். ஸ்பிரே பைப் மட்டும் தெரிந்த பிள்ளை ரயிலிலும் கிராமத்து வீட்டிலும் திணறும், ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது மக்.

8. வயதுக்கு வரும் முன்பே

இதற்கு 8, 9 வயதில் தயாராகுங்கள். உடல் வளர்ச்சி யாருக்காகவும் காத்திருக்காது.

அம்மா மகனைக் குளிப்பாட்டுவது 8 வயதோடு நிற்கட்டும். அப்பாவோ தாத்தாவோ எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் வேறு ஆண் இல்லையென்றால் அம்மா கதவருகே திரைக்குப் பின்னால் நின்று படப் பட்டியலை மட்டும் காட்டட்டும். குளியலறைக் கதவின் உட்புறம், உதவிக்கு வரக்கூடியவர்களின் படங்களை ஒட்டுங்கள், இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அந்தப் படத்தில் இல்லாதவர் உள்ளே வந்தால் "வேண்டாம்" என்று கத்தவோ வெளியே வரவோ பழக்குங்கள். எல்லாப் பெரியவருக்கும் கீழ்ப்படியப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு இந்த ஒரு மறுப்பைத் தனியாகக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். அந்தரங்க உறுப்புகளுக்குச் சரியான பெயர் தெரிந்திருக்கட்டும். ஏதாவது நடந்துவிட்டால் சொல்ல வார்த்தை வேண்டும். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் இந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் என் தோழிகளிடமிருந்து கற்றதைச் சொல்கிறேன். மாதவிடாய் வரும் முன்பே ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நாப்கின் வைத்துப் பழக்குங்கள். ஜட்டியில் நாப்கின் உட்காரும் இடத்தைக் கலர் நூலால் தைத்துவிட்டால் எங்கே ஒட்டுவது என்று தெரியும். ஈரமானால் மாற்று என்பதை விட, காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நேரம் வைப்பது எளிது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கும் அதில் வந்துவிடும். நாப்கினையே பிய்த்து எறிகிற பிள்ளைகளுக்கு, உறிஞ்சும் துணி வைத்துத் தைத்த மாதவிடாய் ஜட்டி கிடைக்கிறது. துவைத்துப் பயன்படுத்தலாம், விலைதான் கொஞ்சம் அதிகம். அரசுப் பள்ளிகளில் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசம், கேட்டு வாங்குங்கள். அந்த நாட்களில் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால் வயிற்று வலியாக இருக்கலாம், தேதி குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மஞ்சள் நீராட்டு விழா வேண்டுமா என்று நன்றாக யோசியுங்கள். பட்டுப்புடவை, மைக் செட், நூறு பேர் கன்னத்தைத் தொடுவது எல்லாம் முதல் மாதவிடாயோடு சேர்ந்து பிள்ளை மனதில் பதிய வேண்டியதில்லை. அப்புறம் இன்னொன்று. "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று உறவில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். சுத்தம் பார்க்க முடியவில்லை என்பதற்காக ஒரு பெரிய அறுவை சிகிச்சை செய்வது அந்தப் பெண்ணின் உடம்புக்குச் செய்யும் அநியாயம். பயிற்சிக்கு ஓராண்டு ஆனாலும் ஆகட்டும்.

பையன்களுக்கு: இரவில் துணி ஈரமானால் திட்டாதீர்கள். எழுந்து, மாற்றி, பக்கெட்டில் போடு என்று மூன்று படம் போதும். உறுப்பைத் தொடுவதற்கு "கதவு மூடிய உன் அறை மட்டும்" என்று இடம் சொல்லுங்கள். அடித்து நிறுத்த முயன்றால் பஸ்ஸில் தொடுவான். மழிப்பதற்குப் பிளேடு வேண்டாம், டிரிம்மர். முன்தோலைப் பின்தள்ளிக் கழுவுவதை, அது தானாகத் தளர்ந்தபிறகு, அப்பா சொல்லிக்கொடுக்கட்டும். அக்குள், தொடை இடுக்கு வேர்வைக்குப் பவுடரைக் கொட்டுவதை விடத் தினமும் மாற்றிய ஜட்டியும் இரண்டு வேளைக் குளியலும் மேல்.

9. பள்ளிக்கு ஒரு தாள்

வீட்டில் பழகியது பள்ளியில் தானாக வராது. ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: தனியாகச் செய்வது எது, உதவி வேண்டியது எது, டாய்லெட்டுக்கு எந்தச் சொல் அல்லது எந்தப் படம், எத்தனை மணிக்கு நினைவூட்ட வேண்டும், இண்டியனா வெஸ்டர்னா, உள்ளே யார் போகலாம். கூடவே மாற்றுத்துணிப் பை, உங்கள் போன் எண், யுடிஐடி நகல். அரசுப் பள்ளியாக இருந்தால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியரிடம் ஒரு பிரதி. தலைமை ஆசிரியரிடம் கொடுத்ததற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகச் சொன்னது ஒரு வாரம்கூட நிற்காது. பயிற்சிக்கு முன் ஒரு சனிக்கிழமை அனுமதி கேட்டு, யாரும் இல்லாத நேரத்தில் பள்ளிக் கழிவறையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். தாழ்ப்பாளை அவன் கையாலேயே போட்டுத் திறக்கட்டும்.

ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பாசிரியர் மாறுவார். அதே தாளைத் தேதி மாற்றி மறுபடி கொடுங்கள். வேனில் வரும் ஆயாவுக்கும் ஒன்று, அவருக்குப் படிக்க நேரமிருக்காது, வாசலில் நின்று வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.